நிரையும் இடைவெளியும்

ஜொகூரில் லேடாங் மலையடிவாரத்துத் தங்காக் வட்டாரத்தின் ரப்பர்த் தோட்டங்களில், தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டிய பால்மரங்கள் நிரை நிரையாக நின்றன. அத்தகைய தோட்டத்தில் மரங்களின் சராசரிச் சுற்றளவை அறிய வேண்டுமெனில், ஏதோ ஒரு மரத்தில் தொடங்கி இருபதுக்கு ஒன்றாக அளந்து செல்வதே எளிய வழி. இதைப் புள்ளியியலார் முறைசார் மாதிரி என்பர். இதன் கோட்பாட்டை வில்லியம் மேடோவும் லில்லியன் மேடோவும் 1944இல் வகுத்தனர். ஆயினும் நிரைக்கு இருபது மரங்களே இருந்தால், அளக்கப்படுபவை அனைத்தும் நிரைக் கடைசி மரங்களாகவே அமைந்துவிடலாம். பாதையோர வெளிச்சத்தில் பருத்த அவற்றின் சராசரி, தோட்டத்தின் சராசரி ஆகாது. ஒரே தொடக்கத்தில் எழுந்த மாதிரி தன் பிழையின் அளவைத் தானே காட்டவும் இயலாது.

இதற்குரிய மருந்து வங்காளத்துச் சணல் வயல்களில் உருவாயிற்று. 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், அங்கு நடத்திய பரப்பளவு ஆய்வுகளில், ஒரே நிலப்பகுதியைத் தனித்தனி உபமாதிரிகளாகப் பிரித்து வெவ்வேறு குழுவினரிடம் ஒப்படைத்து, முடிவுகளின் வேறுபாட்டையே பிழையின் அளவுகோலாகக் கொண்டார். 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இவ்வழியை ஏற்றது. பட்டியலின் முடிவை மீண்டும் முதலோடு இணைத்து எண்ணும் வட்ட முறையை லாகிரி வகுத்தளித்தார். 1960இல் டெமிங் எழுதிய நூல் உபமாதிரி வழியை வணிக ஆய்வுகளுக்கும் கொண்டு சென்றது.

ஆயிரம் மரங்களில் இருபதுக்கு ஒன்றாக ஐம்பதை அளப்பதற்குப் பதில், தற்செயலாகத் தேர்ந்த ஐந்து தொடக்கங்களிலிருந்து நூற்றுக்கு ஒன்றாக அளந்தாலும் ஐம்பதே கிடைக்கும். ஆனால் ஐந்து சராசரிகள் கையில் இருக்கும். நிரைக் கடைசியில் விழுந்த தொடக்கம் மற்றவற்றினின்று விலகி நின்று, ஒரே தொடக்கம் மறைத்ததைக் காட்டிக்கொடுக்கும். அச்சராசரிகளின் திட்ட விலக்கத்தை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுக்கத் திட்டப்பிழை கிடைக்கிறது. சுதந்திரப் படிகள் நான்கே ஆதலால், 95 விழுக்காட்டு இடைவெளிக்குரிய பெருக்கெண் 1.96 அன்று, 2.78 ஆகும். இடைவெளி அகலும் இவ்விலையைக் கொடுப்பதே நேர்மை.

மலேசியாவில் 1974இல் தொழிலாளர் ஆய்வு தொடங்கியபின் மாதிரித் தரவு பெருகியது. கணக்கிடும் பணியும் கணினிக்கு மாறியது. இன்று ஸ்டேட்டா மென்பொருளிலோ ஆர் மொழியில் தாமஸ் லம்லி ஆக்கிய சர்வே தொகுப்பிலோ, ஒவ்வொரு தொடக்கத்தையும் முதற்கட்ட அலகாக அறிவித்தால் போதும். அவ்வாறு அறிவிக்காவிடில், மென்பொருள் ஐம்பது மரங்களையும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக எண்ணி, உண்மையை விடச் சிறிய பிழையை அச்சிட்டுத் தரக்கூடும். ஆகவே தரவுக் கோப்பில் தொடக்க எண்ணுக்கென ஒரு பத்தி கட்டாயம் இருத்தல் வேண்டும். அது அழிந்துபோனால் எந்த மென்பொருளாலும் மீட்டுத்தர இயலாது.