இறைச்சிக்கு முத்திரை, தொழிலாளிக்குப் பூட்டு

1991 செப்டம்பர் 3. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்ற சிறிய ரயில்வே ஊர். அங்கிருந்த கோழி இறைச்சி ஆலையில் காலை ஷிப்டில் சுமார் 90 பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கோழித் துண்டுகளைப் பொரிக்கும் பெரிய எண்ணெய்த் தொட்டிக்கு அருகில் ஹைட்ராலிக் குழாய் ஒன்று பிய்த்துக்கொண்டது. பீய்ச்சியடித்த எண்ணெய் எரிவாயு அடுப்பில் பட்டுத் தீப்பிடித்தது. சில நிமிடங்களில் ஆலை முழுவதும் கரும்புகை சூழ்ந்தது. தொழிலாளர்கள் கதவுகளை நோக்கி ஓடினார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. 25 பேர் இறந்தார்கள். 50க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பின மக்கள். பூட்டிய கதவில், திறக்க முடியாமல் உதைத்த கால்களின் தடம் பதிந்திருந்தது.

கதவை ஏன் பூட்டினார்கள்? தொழிலாளர்கள் கோழியைத் திருடிவிடுவார்கள் என்று நிர்வாகம் சந்தேகப்பட்டது. ஈ நுழையக் கூடாது என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது காரணத்தைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். இறைச்சி சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க, அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் அந்த ஆலைக்கு அன்றாடம் வந்துபோனார். கதவு பூட்டப்படுவது அவருக்குத் தெரியும். ஈத்தொல்லையைத் தடுக்கும் வழி என்று அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்க வேண்டிய மாநில ஆய்வாளர், ஆலை இயங்கிய 11 ஆண்டுகளில் ஒருமுறைகூட அங்கே வரவில்லை.

இறைச்சியைப் பார்க்க அரசு தினமும் வந்தது; அதை வெட்டும் மனிதரைப் பார்க்க ஒருநாளும் வரவில்லை. இது ஓர் அதிகாரியின் அலட்சியம் மட்டுமல்ல. இதன் வேர் 1906இல் இருக்கிறது.

அந்த ஆண்டு அப்டன் சின்க்ளேர் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல் புத்தகமாக வந்தது. சிகாகோவின் இறைச்சி ஆலைகளில் சில வாரங்கள் தங்கி, தொழிலாளர்களோடு பேசி அவர் எழுதிய கதை அது. லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு குடும்பம் அந்த ஆலைகளில் சிதைந்துபோவதுதான் நாவல். அமிலம் அரித்த விரல்களும் கத்தி பட்டுச் சீழ்பிடித்த கைகளும் காசநோயும் வேலை இழப்பும்தான் அதில் நிறைந்திருக்கின்றன. சின்க்ளேர் ஒரு சோஷலிஸ்ட். தொழிலாளியின் துயரத்தை நாடு உணர வேண்டும் என்று எழுதினார். நாடு வேறொன்றைப் பார்த்துப் பதறியது: நாம் சாப்பிடும் இறைச்சியில் எலியும் அழுக்கும் கலந்திருக்கிறதா? அதே ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இறைச்சி ஆய்வுச் சட்டத்தில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். இறைச்சிக்கு அரசு முத்திரை வந்தது. சாப்பிடுபவரின் வயிறு காப்பாற்றப்பட்டது.

வெட்டுபவரின் கைக்கு எப்போது சட்டம் வந்தது? தனியார் ஆலைகள் அனைத்துக்குமான மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் 1970இல்தான் நிறைவேறியது. இடையில் 64 ஆண்டுகள்.

அந்த இடைவெளியில் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. சிகாகோ ஆலைகளில் ரத்தமும் கழிவும் மிகுந்த வெட்டுத்தளத்து வேலைகள் புதிதாக வந்த புலம்பெயர்ந்தோருக்கும் பிறகு கறுப்பின மக்களுக்கும் தள்ளிவிடப்பட்டன. 1904 வேலைநிறுத்தத்தை உடைக்க முதலாளிகள் கறுப்பினத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வெள்ளையரையும் கறுப்பரையும் மோதவிட்டால் சங்கம் நிற்காது என்பது அவர்கள் கணக்கு. 1930களின் இறுதியில் அந்தக் கணக்கு பொய்த்தது. இரு தரப்பும் ஒரே சங்கத்தில் திரண்டு, 1943இல் ஐக்கிய இறைச்சி ஆலைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார்கள். நிறவெறி எதிர்ப்பைச் சங்கத்தின் வேலையாகவே கருதியவர்கள் அவர்கள். ஆலைகள் பின்னர் சங்கம் வலுவற்ற கிராமப்புறங்களுக்கு நகர்ந்தன. ஹாம்லெட் ஆலையில் தீப்பிடித்தபோது அங்கே தொழிற்சங்கமே கிடையாது.

25 பேர் இறந்த பிறகு என்ன நடந்தது? 8 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. ஆலை முதலாளிக்கு ஏறக்குறைய 20 ஆண்டு தண்டனை; நான்கரை ஆண்டுக்குள் வெளியே வந்தார். மாநில அரசு ஆய்வாளர்களின் எண்ணிக்கையை உயர்த்தியது, புகார் செய்யும் தொழிலாளியைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றியது. பிணங்களை எண்ணிய பிறகே சட்டம் அசைந்தது.

பார்வை மட்டும் இன்னும் மாறவில்லை. கோழி ஆலைகளில் பறவைகள் தொங்கியபடி நகரும் வரிசைக்கு வேளாண் துறை வேக வரம்பு வைத்திருக்கிறது. 2014இன் புதிய ஆய்வு முறையில் அது நிமிடத்துக்கு 140. அது ஆய்வாளரின் கண்ணுக்காக வைத்த வரம்பு. நாளெல்லாம் ஒரே வெட்டை வெட்டி, மணிக்கட்டு நரம்பு நசுங்கி, விரல்கள் மரத்துப்போகும் தொழிலாளியின் கைக்காக வைத்ததல்ல. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், இறைச்சி ஆலைகள் தொடர்ந்து இயங்க வேண்டும் என்று அதிபரே உத்தரவிட்டார். ஐந்து பெரிய நிறுவனங்களில் மட்டும் குறைந்தது 59,000 தொழிலாளர்களுக்குத் தொற்று ஏற்பட்டது, 269 பேர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத் துணைக்குழு 2021இல் கணக்குக் காட்டியது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னையில் ஆட்டுத்தொட்டி, மாட்டுத்தொட்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே கத்தி பிடிப்பவர்கள் யார், தோல் உரிப்பவர்கள் யார், குடல் கழுவும் பெண்கள் யார் என்பதும் தெரியும். பெரும்பாலோர் தலித்துகள், முஸ்லிம்கள். அவர்களைப் பற்றி நம் சட்டம் என்ன சொல்கிறது?

2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளைக்கு 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்கின்றன அவை. நல்ல விதிதான். ஒரு தொழிலாளி மணிக்கு எத்தனை வெட்டலாம் என்பதற்கு அப்படி ஓர் எண் அவற்றில் இல்லை. தொற்றுநோய் உள்ளவர் வெட்டக் கூடாது என்றும் இருக்கிறது. அதாவது, தொழிலாளியால் இறைச்சி கெட்டுவிடக் கூடாது. விலங்கிடமிருந்து தொழிலாளிக்கு வரும் அடைப்பான், புருசெல்லோசிஸ், எலிக்காய்ச்சல் பற்றி யார் கவலைப்படுவது? அந்த உடலைத் தீட்டாக மட்டுமே பார்த்துப் பழகிய சமூகத்தில், ஆபத்து அந்த உடலுக்கு வரும் என்ற எண்ணமே எழுவதில்லை. அமெரிக்காவில் நிறம் செய்த வேலையை இங்கே சாதி செய்கிறது.

தொழிற்சாலைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம், மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அதை 20, 40 என்று உயர்த்தியது. நான்கைந்து பேர் வேலை செய்யும் இறைச்சிக்கடையும் பதினைந்து பேர் வேலை செய்யும் தோல் ஷாப்பும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன.

உரித்த தோல் போகும் இடத்திலும் இதே கதைதான். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் கழிவைச் சேர்த்துவைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஏற்றுமதியாகும் தோலின் தரத்தைப் பல முறை சோதிக்கிறோம். அந்தச் சுவரை யார் சோதித்தார்கள்?

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1946இல் ஆலைத் தொழிலாளரின் வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. சாதி தொழிலை மட்டுமல்ல, தொழிலாளர்களையே பிரித்துவைக்கிறது என்று காட்டியவரும் அவரே. தொழிலாளர் சட்டமும் சாதி ஒழிப்பும் அவருக்கு இரண்டு வேலைகள் அல்ல. நமக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மாட்டிறைச்சி உண்ணும் உரிமைக்காக நாம் குரல் கொடுக்கிறோம், கொடுப்போம். அந்த இறைச்சியை வெட்டுபவருக்காகவும் குரல் கொடுக்க வேண்டும். உங்கள் ஊர் இறைச்சிக்கூடத்துக்குப் போங்கள். அங்கே வேலை செய்பவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். வெட்டுக்காயத்துக்குச் சிகிச்சைச் செலவு யார் தருகிறார்கள், கையுறையும் பூட்ஸும் கிடைக்கிறதா, இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் இறைச்சியைச் சோதிக்க எத்தனை முறை அதிகாரிகள் வந்தார்கள், தொழிலாளர் பாதுகாப்பைச் சோதிக்க எத்தனை முறை வந்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கிடைக்கும் இரண்டு எண்களையும் அந்தத் தொழிலாளர்களிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். சங்கம் அங்கிருந்து தொடங்கட்டும்.