வாயிலில் நின்ற வழக்கு

நியாயம் எவர் பக்கம் என ஆராயுமுன் நீதிமன்றத்தில் வேறொரு வினா எழுகின்றது. இவ்வழக்கைக் கேட்கும் அதிகாரம் இம்மன்றத்துக்கு உண்டா என்பதே அது. அமெரிக்காவில் அவ்வினா ஒரு சமுதாயத்தையே வாயிலில் நிறுத்திய வரலாற்றை நாம் காண்போம்.

அந்நாட்டில் மாநிலங்களுக்கெனத் தனி நீதிமன்றங்கள் உள்ளன. கூட்டாட்சி நீதிமன்றங்களோ அரசியல் சட்டத்தின் மூன்றாம் ஷரத்து எண்ணிக் கூறிய வழக்குகளையே கேட்கலாம். ஒரு மாநிலத்துக்கும் அயல்நாட்டுக்கும் இடையே எழும் வழக்கு அவற்றுள் ஒன்றாகும்.

ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த செரோக்கிப் பழங்குடியினர் மத்திய அரசுடன் உடன்படிக்கைகள் செய்துகொண்டவர்கள். தமக்கென எழுத்து முறையும், 1827இல் இயற்றிய அரசியல் சட்டமும் உடையவர்கள். அவர்தம் நிலத்தின் மீது ஜார்ஜியா தன் சட்டங்களைச் சுமத்தியது. தம்மை அயல்நாடெனக் கூறிக்கொண்டு அவர்கள் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகினர். முன்னாள் அட்டர்னி ஜெனரல் வில்லியம் வர்ட் அவர்களுக்காக வாதாடினார்.

1831இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். செரோக்கியர் தனித்த அரசியல் சமூகத்தினரே. ஆயினும் அயல்நாட்டினர் அல்லர். காப்பாளரைச் சார்ந்த சிறுவர் நிலையிலுள்ள, உள்நாட்டைச் சார்ந்த சமூகத்தினர் என்றார். எனவே வழக்கைக் கேட்க அதிகாரமில்லை. நிலம் எவருக்குரியது என்பது தீர்க்கப்படவே இல்லை. ஸ்மித் தாம்சன், ஜோசப் ஸ்டோரி எனும் இரு நீதிபதிகள் மாறுபட்டனர்.

மறு ஆண்டே அக்கதவு வேறு வழியில் திறந்தது. மாநில அனுமதியின்றிச் செரோக்கியரிடையே வாழ்ந்த கிறிஸ்தவப் போதகர் சாமுவேல் உர்ஸ்டருக்கு ஜார்ஜியா நான்கு ஆண்டுக் கடுங்காவல் விதித்திருந்தது. மாநிலச் சட்டம் கூட்டாட்சி உடன்படிக்கைக்கு முரணானது என்ற வாதத்தை மாநில நீதிமன்றம் மறுத்தால், அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் பரிசீலிக்க 1789ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. 1832இல் அதே மார்ஷல், செரோக்கியர் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றார். ஒரு சமுதாயம் கேட்டுப் பெற இயலாத தீர்ப்பை ஒரு கைதியின் வழக்கு பெற்றுத் தந்தது!

ஆனால் ஜார்ஜியா பணியவில்லை. 1833இல் ஆளுநரின் மன்னிப்பினாலேயே உர்ஸ்டர் விடுதலையானார். 1835இல், பெரும்பான்மையினர் ஏற்காத ஓர் உடன்படிக்கையில் சிறு குழுவினர் கையொப்பமிட்டனர். அதனைக் காட்டி 1838இல் படைவீரர்கள் அம்மக்களை மேற்கே விரட்டினர். அப்பெயர்ச்சியில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என மதிப்பிடுவர்.

நீதிமன்றத்துக்கு வரம்பு வேண்டாம் என நாம் கூறோம். வரம்பற்ற நீதிபதியும் கொடுங்கோலராகலாம். ஆயினும், ‘கேட்க அதிகாரமில்லை’ என்பது ‘உன் பக்கம் நியாயமில்லை’ என்பதாகாது. அவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டோரின் கையில் செரோக்கியர் தம் மண்ணை இழந்தனர்.