இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

சீனிவாச இராமானுஜன் என்றதும் 1729 என்னும் எண்ணையும், அதனைச் சார்ந்த வாடகை மோட்டார்க் கதையையும் பலரும் நினைவுகூர்வர். கதை இனியதே. ஆயினும் அவருடைய உழைப்புக்குச் சான்றாக நான் காட்ட விரும்புவது வேறோர் எண்: 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடிக்கும் மேற்பட்டது அது.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து மாணவர்களுக்கு இதனை விளக்கும்போது நான் ரூபாயிலிருந்தே தொடங்குவது வழக்கம். 1957 ஏப்ரலுக்கு முன்னர் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஆக 192 தம்பிடி. அதனை மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 64 கிட்டும். நூறு காசை மூவர் பங்கிட்டால் ஒரு காசு மிஞ்சும். 192ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 14. நூறை வகுப்பவை ஒன்பதே. ஆனால் 192க்கு முன்னரே 180 என்னும் எண் 18 வகுஎண்களைப் பெற்று நிற்கிறது. இவ்வாறு, தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் வகுஎண் தொகையில் வெல்லும் எண் எதுவோ, அதனையே இராமானுஜன் தனியினமாகப் பிரித்து ஆராய்ந்தார். 12, 60, 180 ஆகியவை அவ்வினத்தன.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் அமர்ந்த அவர், 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். மறு ஆண்டே இவ்வாராய்ச்சி இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்தது. 1916இல் இதற்காகவே அவருக்கு அங்கே பட்டம் கிடைத்தது.

அப்பெரிய எண்ணைப் பகா எண்களாகப் பிரித்துப் பாருங்கள். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை வரும். ஒவ்வோர் எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 10080; அத்தனை வகுஎண்கள்! பெரிய பகா எண் சிறியதைவிட மிகுதியாக வருவதே இல்லை. வந்தால், இரண்டையும் இடம் மாற்றி, அதே வகுஎண் தொகையுடைய சிறிய எண்ணொன்றை அமைத்துவிடலாம் அன்றோ?

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், இந்த எண்வரை 102 எண்களை அவர் வரிசைப்படுத்தினார். ஒன்றே ஒன்று விடுபட்டது: 293318625600. அதன் வகுஎண்கள் 5040. வியப்பு என்னவெனில், அதனை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே வந்துவிடுகிறது. நூற்றிரண்டைக் கையால் கண்டவர் ஒன்றை விட்டதை நான் குறையாகக் கருதுவதில்லை.

கழகத்தின் பண நெருக்கடியால் அக்கட்டுரையின் பிற்பகுதி அப்போது அச்சேறவில்லை. 1920 ஏப்ரல் 26இல், 32 வயதில், சென்னையில் இராமானுஜன் மறைந்தார். அப்பகுதி விளக்கக் குறிப்புகளோடு 1997இல் வெளிவந்தது.