ஒரே குடத்துள் இரு பகைவர்

சக்கரத்தின் நடுவே, அச்சு நுழைந்து செல்லும் பகுதியைக் 'குடம்' என்று நம் தச்சர்கள் சொல்வார்கள். இன்றைய மோட்டார் வாகனத்தின் சக்கரக் குடத்தைத் திறந்து பார்த்தால் ஒரு விந்தையைக் காணலாம். அங்கே கையகல இடத்தில் இரண்டு உறுப்புகள் அருகருகே குடியிருக்கின்றன. ஒன்று, பட்டறைகளில் 'பேரிங்' என்று வழங்கும் தாங்கி. மற்றொன்று பிரேக். முன்னது உராய்வை ஒழிக்கப் பாடுபடுகிறது. பின்னது உராய்வை நம்பியே வாழ்கிறது. முன்னதற்கு உணவாகும் கிரீஸ் பின்னதற்கு நஞ்சு. பின்னது வெளியிடும் வெப்பமோ முன்னதைக் கொல்லவல்லது.

இந்தப் பகைவர்கள் எப்படி ஒரே வீட்டுக்குக் குடிவந்தார்கள்? இதை அறிய, காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். மேலை நாடுகளில் விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்கள் பயன்படுத்தும் வண்டி இது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இதில் உண்டு. எஞ்சின் கிடையாது, ஓட்டுநரும் கிடையாது. ஓடும் உறுப்புகள் என்று சொல்லத்தக்கவை சக்கரக் குடங்கள் மட்டுமே. ஆகவே நம் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை.

வீடு சாலைக்கு வந்தது

1885-ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், பிரிஸ்டல் நகர வண்டித் தொழிற்சாலை ஒன்றில் தமக்கென ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்தார். அதற்கு 'வாண்டரர்' என்று பெயரிட்டார். 'நாடோடி' என்பது அதன் பொருள். சுமார் இரண்டு டன் எடையுள்ள அவ்வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. அதில் ஏறி அவர் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகர் வரை சென்றார். பிழைப்புக்காக அன்றி, இன்பப் பயணத்துக்காகவே செய்யப்பட்ட வீட்டு வண்டிகளில் முதன்மையானது அதுவே என்பர்.

முதல் உலகப் போர் முடிந்ததும் காரே குதிரையின் இடத்தைப் பிடித்தது. 1919-இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கப்படும் வீட்டு வண்டியைச் செய்து விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் வாலி பையாம் என்பவர் 1936-இல் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற வண்டியை வெளியிட்டார். விமானத்தைப் போலவே அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்த வண்டி அது. 1959-இல் அவர் தலைமையில் சுமார் 40 வண்டிகள் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கெய்ரோ நோக்கிப் புறப்பட்டன.

குதிரை போய்க் கார் வந்ததில் என்ன பெரிய மாறுதல் என்று நீங்கள் கேட்கலாம். நடக்கும் குதிரையின் வேகம் மணிக்கு 5 கி.மீ. என்று கொள்வோம். காரின் வேகம் 80 கி.மீ. என்போம். வேகம் 16 மடங்கு கூடியது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. ஆகவே அதே எடையுள்ள வண்டியின் இயக்க ஆற்றல் 256 மடங்கு ஆகிவிட்டது! பழைய அச்சும் பழைய தடையும் இதைத் தாங்குமா?

குண்டுகளின் கதை

வழுக்குவதைவிட உருள்வது எளிது என்பது பழைய அறிவு. ஒரு கனமான புத்தகத்தை மேசைமேல் தள்ளிப் பாருங்கள். பிறகு அதன் அடியில் நான்கு உருண்டைப் பென்சில்களை வைத்துத் தள்ளிப் பாருங்கள். வேறுபாடு உடனே விளங்கும். பாரம் தூக்கும் அச்சும் குடமும் ஒன்றோடொன்று தேயாமல் இருக்க, இடையில் உருளும் பொருள்களை வைத்தால் போதும். வேல்ஸ் நாட்டின் கார்மார்தன் ஊரைச் சேர்ந்த ஃபிலிப் வான் என்ற இரும்பு வார்ப்பாளர், வண்டி அச்சுக்கு இவ்வகைக் குண்டுத் தாங்கியை அமைத்து 1794-இலேயே காப்புரிமை பெற்றார்.

ஆனால் எண்ணம் இருந்தும் குண்டு இல்லை. ஏன்? குண்டுகள் யாவும் ஒரே அளவில் இருக்கவேண்டும். ஒரு குண்டு மட்டும் சற்றுப் பெரிதாயிருந்தால் மொத்த பாரமும் அதன் தலையிலேயே இறங்கும். கையால் அரைத்துச் செய்த குண்டுகளில் அந்த ஒழுங்கைப் பெறுவது பெரும்பாடு. 1869-இல் பாரிஸ் நகரில் ஜூல்ஸ் சூரிரே மிதிவண்டிக்கான குண்டுத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில், இத்தகைய தாங்கி பூட்டிய மிதிவண்டியில் சென்ற ஜேம்ஸ் மூர் வெற்றி பெற்றார். 1883-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் குண்டுகளை ஒரே அளவில் அரைக்கும் இயந்திரத்தை அமைத்த பிறகுதான் குண்டுத் தாங்கி மலிவாகக் கிடைக்கும் பொருளாயிற்று.

இதிலும் ஒரு குறை இருந்தது. வண்டி வளைவில் திரும்பும்போது சக்கரத்தின்மேல் பக்கவாட்டிலும் விசை தாக்குகிறது. மேலும், குண்டு ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. பெரும் பாரத்துக்கு அது போதாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் கோச்சு வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கென் இதற்கு விடை கண்டார். குண்டுக்குப் பதிலாக, ஒரு பக்கம் சற்றே குறுகிய உருளைகளை அவர் கையாண்டார். இவை ஒரு கோடு நெடுகத் தொடுவதால் பாரம் பரவுகிறது. சாய்வாக அமைந்திருப்பதால் மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளுதலையும் ஒருங்கே ஏற்கின்றன. இந்தக் கூம்பு உருளைத் தாங்கிக்கு 1898-இல் காப்புரிமை கிடைத்தது. குடம் ஒன்றுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு தாங்கிகளை எதிரெதிராக அமைத்து ஒரே மரையால் இறுக்கும் முறை, இன்றும் வீட்டு வண்டிகளில் பரவலாகக் காணப்படுகிறது.

செருப்பிலிருந்து மின்காந்தம் வரை

இனி இரண்டாவது பகைவரைப் பார்ப்போம். தேரை நிறுத்த நாம் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறோம் அல்லவா? ஐரோப்பியக் குதிரை வண்டிகளிலும் இறக்கத்தில் சக்கரத்தடியில் இரும்புச் செருப்பு ஒன்றைச் செருகுவார்கள். சக்கர விளிம்பில் அழுந்தும் மரக்கட்டையும் உண்டு. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் வண்டிக்காரர்கள் அந்தக் கட்டையின்மேல் பழைய காலணித் தோலை அடித்திருந்ததை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார் என்று சொல்லப்படுகிறது. அவர் 1897 முதல் பிரேக்குக்கான உராய்வுப் பட்டைகளைத் தயாரிப்பதில் இறங்கினார். முதலில் பருத்தி நெசவு. அது வெப்பத்தில் கருகவே, பின்னர் கல்நார். இப்படிப் பிறந்ததே 'ஃபெரோடோ' என்ற பெயர் பெற்ற லைனிங்.

1902-இல் பிரான்சின் லூயி ரெனோ, வட்டமான டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து அழுத்தும் பிரேக்கை அமைத்தார். பிரேக் சக்கர விளிம்பை விட்டுக் குடத்தின் அருகே வந்தது. பகைவர்கள் அண்டை வீட்டார் ஆனது இதனால்தான்.

ஓட்டுநர் இல்லாத வண்டியின் பிரேக்கை முன்னே செல்லும் காரிலிருந்து இயக்குவது எப்படி? அமெரிக்கர்கள் மின்சாரத்தை நாடினர். டிரம்மின் உட்பக்கத்தை ஒட்டி ஒரு மின்காந்தம் இருக்கும். கார் ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் அதில் மின்சாரம் பாயும். காந்தம் சுழலும் டிரம்மைப் பற்றும். டிரம் காந்தத்தைத் தன்னோடு இழுக்கும். காந்தம் ஒரு நெம்புகோலைத் திருப்பும். நெம்புகோல் ஷூக்களை விரிக்கும். அழுத்தும் விசையைத் தருவது காரின் பாட்டரி அன்று, ஓடும் சக்கரமேதான்! பாட்டரி பற்றுவதற்கு மட்டும் உதவுகிறது.

வெப்பம் எங்கே போகிறது?

1,500 கி.கி. எடையுள்ள வண்டி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 3,70,000 ஜூல். அதன் பிரேக்குகளே அதை முழுதும் நிறுத்துவதானால் இவ்வளவும் வெப்பமாக மாறும். 30 டிகிரியில் உள்ள ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். அதே வண்டி 500 மீட்டர் உயரமுள்ள மலையிலிருந்து இறங்கினால், விடுபடும் நிலையாற்றல் இதைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு. எஞ்சினும் காற்றுத்தடையும் ஒரு பங்கை ஏற்றாலும், எஞ்சியது டிரம்மைத்தான் சுடவைக்கும். டிரம்மின் நடுவே இருப்பது தாங்கி. தாங்கிக்குள் இருப்பது கிரீஸ்.

கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பில் ஊறவைத்த பொருள் என்று எளிமையாகச் சொல்லலாம். பழைய சுண்ணாம்புச் சோப்புக் கிரீஸ் தண்ணீருக்கு அஞ்சாது. ஆனால் கொதிநீர் அளவு வெப்பத்திலேயே உருகி ஓடிவிடும். சோடியச் சோப்புக் கிரீஸ் வெப்பத்தைத் தாங்கும். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். 1942-இல் கிளாரன்ஸ் ஏர்ல் காப்புரிமை பெற்ற லித்தியம் சோப்புக் கிரீஸ் இரண்டையும் ஓரளவு நன்கு தாங்கியது. சுமார் 180 டிகிரி வரை அது உருகுவதில்லை. பகைவர் இருவரும் ஒரே குடத்துள் வாழ முடிந்ததற்கு இந்தச் சமரசமும் ஒரு காரணம்.

ஆண்டுக்கு ஒரு நாள்

ஆனால் சமரசம் தானே நீடிக்காது. வீட்டு வண்டி பல மாதம் ஓடாமல் நிற்கும். குடத்துள் ஈரம் புகும்; உருளைகளில் துருப்புள்ளி விழும். பிறகு ஒருநாள் முழுப் பாரத்தோடு நூற்றுக்கணக்கான கி.மீ. ஓடும். காரில் அமர்ந்திருப்பவருக்குப் பின்வண்டியின் முனகல் கேட்பதில்லை. கிரீஸ் வற்றிய தாங்கி சூடேறி இறுகினால், அச்சுமுனையே அறுந்து சக்கரம் தனியே ஓடிவிடும். எதிரே வருபவர் கதி என்னவாகும்?

ஆகவேதான் ஆண்டுக்கு ஒரு முறையோ, சுமார் 19,000 கி.மீ.-க்கு ஒரு முறையோ குடத்தைக் கழற்றவேண்டும் என்பது பொது விதியாயிற்று. தாங்கிகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து நோக்க வேண்டும். உருளை நீலம் பூத்திருந்தால் அது சூடுபட்டதன் அடையாளம். குழி விழுந்திருந்தால் உருளைத் தொகுதியையும் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, மறுபக்கம் பிதுங்கும்வரை உருளைகளுக்கிடையே அழுத்தி நிரப்பவேண்டும். வேறு வகைக் கிரீஸைக் கலக்கக் கூடாது. குடத்தின் பின்புறமுள்ள ஆயில் சீலைப் புதிதாகப் போடவேண்டும். இரு பகைவருக்கும் இடையே உள்ள சுவர் அதுதான்! அது கிழிந்தால் கிரீஸ் லைனிங்கில் ஏறும். அந்தச் சக்கரம் பிரேக் பிடிக்காது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கிரீஸ் ஊறிய ஷூக்களைத் துடைத்துப் பயனில்லை. அச்சின் இருபுறமும் சேர்த்து மாற்றுவதே முறை.

மரையை இறுக்குவதிலும் பக்குவம் தேவை. சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே முதலில் இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்தி, காட்டர் பின்னைச் செருகவேண்டும். மிக இறுகினால் வெப்பம். மிகத் தளர்ந்தால் ஆட்டம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோயும் தருவது. பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. ஆயினும் பழைய லைனிங்கில் என்ன இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே டிரம்முக்குள் காற்றடித்துத் தூசியை ஊதவே கூடாது. ஈரத் துணியால் துடைக்கவேண்டும்.

அன்பர்களே, இந்த வண்டி நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை. ஆனால் மிதிவண்டி இருக்கும். அதைக் கவிழ்த்து வைத்து முன்சக்கரத்தைச் சுழற்றி, நிற்கும்வரை நேரத்தைக் குறியுங்கள். பிறகு குடத்தில் உள்ள பால்ரஸ் குண்டுகளைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்து மீண்டும் குறியுங்கள். இரண்டு நேரங்களையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கிரீஸ் பட்ட கையோடு பிரேக் கட்டையைத் தொடாதீர்கள்!