தரையுலவிகளின் மின்கலமும் குறைமின்னழுத்தக் காப்பும்

நிலவிலும் செவ்வாயிலும் மனிதரின்றி ஓடி ஆய்வு செய்யும் ரோபோ வண்டி தரையுலவி எனப்படுகிறது. அதன் மின்கலத்தின் மின்னழுத்தம் குறித்த அளவுக்குக் கீழே இறங்குமுன் கருவிகளைத் துண்டித்துவிடும் ஏற்பாடே குறைமின்னழுத்தக் காப்பு.

லித்தியம் அயனி மின்கலத்தின் ஓர் அறை முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 4.2 வோல்ட் காட்டும். கீழ் எல்லை, வகையைப் பொறுத்து, 2.5 முதல் 3 வோல்ட் வரை. அதற்கும் கீழே வெகுவாக இறங்கினால் எதிர்மின்முனையிலுள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் மின்னேற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து, உள்ளேயே குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். தென்னேரி போன்ற பாசன ஏரிகளில் மதகின் அடிமட்டத்துக்குக் கீழுள்ள நீர் தானாக வயலுக்குப் பாயாது. மின்கலத்துக்கும் அப்படியொரு மட்டம் வேண்டும். வேறுபாடு ஒன்றுதான்: ஏரி வற்றினால் அடுத்த மழையில் நிரம்பும், மின்கலம் அப்படியல்ல.

இக்காப்பின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே காட்டியது நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி. 90 நாள் பணிக்காக 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய அது, 14 ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தது. 2018 ஜூனில் கோள் முழுவதும் பரவிய புழுதிப்புயல் சூரிய ஒளியை மறைத்தது. ஜூன் 10க்குப் பிறகு அதனிடமிருந்து தகவல் இல்லை. மின்சாரம் குன்றியதால், கடிகாரம் தவிர மற்ற அனைத்தையும் நிறுத்திவிடும் நிலைக்கு அது சென்றிருக்கும் எனப் பொறியாளர்கள் கருதினர். மின்சாரம் திரும்பியதா என்று பார்க்கக் கணினியை அவ்வப்போது எழுப்புவது அக்கடிகாரத்தின் வேலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள் அனுப்பியும் பயனில்லாததால், 2019 பிப்ரவரி 13 அன்று பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இந்தியாவின் பிரக்யான், சந்திரயான்-3 திட்டத்தில் 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் தரையிறங்கியுடன் நிலவை அடைந்தது. திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். 26 கிலோ எடையுள்ள இவ்வண்டி ஒரு நிலவுப் பகலுக்கு, அதாவது புவியின் 14 நாட்களுக்கு, வடிவமைக்கப்பட்டது. மின்கலம் வற்றும்வரை இஸ்ரோ காத்திருக்கவில்லை. செப்டம்பர் 2 அன்று, மின்கலம் முழுதாக நிறைந்திருக்கும்போதே ஆய்வுக் கருவிகளை அணைத்து, பிரக்யானை உறங்குநிலைக்கு அனுப்பியது. சூரியத் தகடு அடுத்த விடியலை நோக்கித் திருப்பப்பட்டது. ஏற்பி மட்டும் இயக்கத்தில் விடப்பட்டது. இது முன்யோசனையுள்ள முடிவு. ஆனால் இக்காப்பு மின்கலத்தை வற்றலிலிருந்து காக்குமேயன்றி, நிலவின் இரவுக் குளிரிலிருந்து காக்காது. சோவியத் நாட்டின் லூனகோத்-1, 1970 நவம்பரிலேயே நிலவில் இறங்கி, பொலோனியம்-210 தரும் வெப்பத்தைக் கொண்டு நிலவிரவுகளைத் தாண்டியது. அத்தகைய கதிரியக்க வெப்பமூட்டி பிரக்யானில் இல்லை.

செப்டம்பர் 22 அன்று தொடர்புகொள்ள முயன்றபோது விக்ரமிடமிருந்தோ பிரக்யானிடமிருந்தோ சமிக்ஞை எதுவும் வரவில்லை.