உழவுச் சிறுவனுக்கு ஓர் இலக்கண நூல்

முதியோர் கல்வி என்றதும் எழுத்தறிவே நம் நினைவுக்கு வருகிறது. எழுத்தறிந்தவரையும் வாய் திறவாது தடுக்கும் வேறொரு தடை உண்டு. பிழை நேர்ந்துவிடுமோ என்னும் அச்சமே அது. ஆங்கில நாட்டில் இத்தடை வளர்ந்த விதத்தையும், அதைக் கடந்த ஒரு சிப்பாயின் வரலாற்றையும் ஈண்டுக் காண்போம்.

1762-ஆம் ஆண்டில் ராபர்ட் லௌத் என்னும் சமய அறிஞர் ஆங்கிலத்துக்குச் சிறியதோர் இலக்கணம் இயற்றினார். பிற்காலத்தில் லண்டன் பிஷப்பாக விளங்கியவர் அவர். ஷேக்ஸ்பியர், மில்டன் முதலிய பெரும்புலவர்களின் எழுத்திலும் அவர் பிழை கண்டார். 'டு', 'வித்' போன்ற உருபுச் சொற்களை வாக்கியத்தின் இறுதியில் அமைப்பது பேச்சுக்கு ஏற்றதேயாயினும், உயர்ந்த நடைக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்றார். அதைச் சொல்லவந்த இடத்தில் அவரே ஒரு வாக்கியத்தை 'டு' என முடித்திருந்தார்! பின்வந்த ஆசிரியர்களோ அவருடைய கருத்தை மீறலாகாத விதியாக்கிவிட்டனர்.

மொழிநடை ஏழைகளின் குரலை அடைக்கவும் பயன்பட்டது. 1793-இல் பாராளுமன்றச் சீர்திருத்தம் கோரி ஷெஃபீல்டு நகரத்தார் ஒரு விண்ணப்பம் அனுப்பினர். அதன் சொற்கள் மரியாதைக் குறைவானவை எனக் கூறி, காமன்ஸ் சபை அதனை ஏற்க மறுத்தது. கோரிக்கையின் நியாயத்தை ஆராயுமுன் நடையே குற்றமாயிற்று.

இக்காலத்தில் வாழ்ந்தவர் வில்லியம் காபெட். 1763-இல் குடியானவர் குடும்பத்தில் பிறந்த அவர், 1784-இல் படையில் சேர்ந்தார். நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் சம்பளம். லௌத்தின் நூலைத் தம் கையால் படியெடுத்து மனப்பாடம் செய்தார். காவல் நிற்குந்தோறும் அதனை ஒப்பித்துக்கொண்டார். கட்டில் விளிம்பில் அமர்ந்து, மடிமேல் பலகை வைத்து, குளிர்கால இரவுகளில் நெருப்பின் ஒளியில் பயின்றதாகவும், எழுதுகோலும் தாளும் வாங்க உணவில் ஒரு பகுதியைத் துறந்ததாகவும் அவரே கூறியிருக்கிறார்.

பின்னர் அவர் பத்திரிகையாசிரியரானார். 1817-இல் அடக்குமுறைக்கு அஞ்சி அமெரிக்கா சென்றார். மறு ஆண்டில் நியூயார்க்கில் தம் மகனுக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் ஆங்கில இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். சிப்பாய்கள், மாலுமிகள், தொழில் பயில்வோர், உழவுச் சிறுவர் ஆகியோருக்கென்றே எழுதியதாக அதன் முகப்பு அறிவித்தது. பிழைக்கு எடுத்துக்காட்டுகளை அவர் எளியோரிடம் தேடவில்லை. பேரறிஞர் ஜான்சனின் கட்டுரைகளிலும் மன்னரின் உரைகளிலும் தேடி எடுத்தார்! விதிகளை அவர் வெறுத்தாரல்லர். எளியவர் கையில் அவற்றைக் கருவியாகத் தந்தார். 1832-இல் ஓல்டம் தொகுதியின் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதே காமன்ஸ் சபையில் அமர்ந்தார்.

பிற மாநிலங்களில் வாழும் நாமும் நடுவயதில் புதுமொழி பயில்கிறோம். நம்மிடையே முதியோர்க்குக் கற்பிப்போர் காபெட்டை நினைவிற் கொள்ளுதல் நலம். முதற்கண் ஒருவர் தம் குறையைத் தாமே எழுதட்டும். பிழைகளைப் பின்னர் உடனிருந்து திருத்திக்கொள்வோம்.