செயின்ட் மார்ட்டின்-இன்-த-பீல்ட்ஸ்

செயின்ட் மார்ட்டின்-இன்-த-பீல்ட்ஸ் என்பது இலண்டன் டிரபல்கர் சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் அமைந்துள்ள, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த தேவாலயம் ஆகும். 'வயல்வெளியில் உள்ள புனித மார்ட்டின் ஆலயம்' என்பது இப்பெயரின் பொருள். கட்டிட அழகுக்காகவும் இசை நிகழ்ச்சிகளுக்காகவும் பரவலாக அறியப்பட்டாலும், முதல் உலகப்போர்க் காலம் தொட்டு வீடற்றோருக்கு ஆற்றிவரும் பணியே இவ்வாலயத்தின் தனிச்சிறப்பு எனலாம்.

பெயரும் கட்டிடமும்

இலண்டன் நகர மதிலுக்கு வெளியே, வயல்கள் சூழ்ந்த இடத்தில் இங்கு ஓர் ஆலயம் இருந்தமை 1222 ஆம் ஆண்டளவிலேயே குறிக்கப்பட்டுள்ளது. இன்றுள்ள கட்டிடம் சேம்சு கிப்சு என்னும் கட்டிடக் கலைஞரின் வடிவமைப்பில் 1722 முதல் 1726 வரை கட்டப்பட்டது. தூண்கள் தாங்கும் முகப்பின் பின்னால் கூர்ங்கோபுரம் எழும் இவ்வமைப்பு பல நாடுகளில் பின்பற்றப்பட்டது. சென்னை எழும்பூரில் 1821 இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயமும் இதனை முன்மாதிரியாகக் கொண்டதே.

ஆலயத்தின் பெயருக்குரிய மார்ட்டின் 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமைப் படைவீரர். குளிரில் நடுங்கிய இரவலர் ஒருவருக்குத் தமது மேலாடையை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு.

திறந்திருந்த கதவு

1914 இல் டிக் செப்பர்டு இங்கு தலைமைக் குருவாகப் பொறுப்பேற்றார். அருகிலுள்ள சாரிங் குறொசு தொடருந்து நிலையம் வழியாகப் படைவீரர்கள் பிரான்சுப் போர்முனைக்குச் செல்வதும் விடுப்பில் திரும்புவதுமாக இருந்தனர். இரவில் தங்க இடமின்றித் தவித்தவர்களுக்காகச் செப்பர்டு ஆலயக் கதவுகளைத் திறந்து வைத்தார். பிணங்களை அடக்கம் செய்வதற்கெனக் கட்டப்பட்ட நிலவறை உறங்கும் இடமாயிற்று. போர் முடிந்த பின்னரும் கதவு மூடப்படவில்லை. வேலையும் வீடும் இல்லாதோர் அங்கு வரலாயினர். இரண்டாம் உலகப்போரில் அதே நிலவறை வான்குண்டுத் தாக்குதலிலிருந்து மக்களைக் காக்கும் புகலிடமாகப் பயன்பட்டது.

1924 சனவரி 6 அன்று இவ்வாலயத்தின் வழிபாடு வானொலியில் நேரடியாக ஒலிபரப்பப்பட்டது. அதன் பின்னர் ஆண்டுதோறும் கிறித்துமசுக் காலத்தில் பிபிசி வானொலி வழியே ஏழைகளுக்காக நிதி திரட்டும் வழக்கம் உருவாகி இன்றளவும் தொடர்கிறது. வீடற்றோர் நலனுக்காகப் பிரித்தானியாவில் இயங்கும் செல்டர் அமைப்பு 1966 திசம்பர் 1 அன்று இங்குதான் தொடங்கி வைக்கப்பட்டது.

2003 முதல் வீடற்றோர் பணியைக் 'கனெக்சன் அட் செயின்ட் மார்ட்டின்சு' என்னும் தனி அறக்கட்டளை மேற்கொள்கிறது. தெருவில் உறங்குவோரைத் தேடிச் செல்லுதல், உணவு, குளியல் வசதி, வீடும் வேலையும் தேடிக்கொள்ள உதவி ஆகியன இதன் பணிகள். உதவி பெறுவோர் வழிபாட்டில் கலந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சீனர் குடியிருப்பு அருகில் இருப்பதால் கந்தோனியம், மண்டரின் மொழிகளிலும் ஆலயத்தில் வழிபாடு நடைபெறுகிறது.

வருமானம்

பணத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1987 இல் ஆலயம் சொந்தமாக வணிகம் தொடங்கியது. நிலவறையில் உணவகம் அமைந்தது. தரையில் பதிந்த பழைய கல்லறைக் கற்களின் மீதே மேசைகள் போடப்பட்டுள்ளன. வழிபாட்டிடத்தில் வணிகம் தகுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் இவ்வருவாய் இல்லாமல் ஆலயத்தை நடத்துதல் கடினம் என்பது 2020 இல் தெளிவாயிற்று. கொரோனாத் தொற்றினால் உணவகமும் இசை நிகழ்ச்சிகளும் நின்றதும் வருமானத்தின் பெரும்பகுதி இல்லாமற்போய்ப் பணியாளர் பலரைக் குறைக்க நேர்ந்தது. அதற்கு முன்னர் 2008 இல் ஏறத்தாழ 3.6 கோடி பவுண்டு செலவில் புதுப்பிப்பு நிறைவேறியிருந்தது. கிழக்குச் சாளரத்தை ஈரானில் பிறந்த ஓவியர் சீராசே கூசியாரி வடிவமைத்தார்.

நினைவு வழிபாடு

இலண்டனில் வீடின்றி இறந்தோருக்கான நினைவு வழிபாடு ஆண்டுதோறும் இங்கு நடைபெறுகிறது. அவ்வாண்டில் இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுகின்றன.